கடல்நீர்த் தொட்டியில் கல்லடுக்கும் மென்பவளமும்: புதுச்சேரி, கடலூர் வீடுகளுக்கான வழிகாட்டி

வீட்டில் கடல்நீர்த் தொட்டி அமைக்க நினைக்கும் புதியவர்கள் பெரும்பாலும் மீனிலிருந்து தொடங்குகிறார்கள். இரண்டு கிளவுன் மீன், அவற்றுக்கேற்ற தொட்டி, தொட்டிக்கேற்ற விளக்கு என்று கணக்கு விரிந்துகொண்டே போகிறது. கற்களை மட்டும் கடைசி நாளில், கிடைத்த கடையில், கிடைத்த வடிவத்தில் வாங்கிக் குவித்துவிடுகிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும். மீனையும் விளக்கையும் பம்பையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பவளம் பற்றிப் படர்ந்துவிட்ட கல்லை எளிதில் அசைக்க முடியாது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பவளங்கள் எவ்வளவு பெருத்திருக்கும், நீர் எந்த வழியாக ஓடும், கண்ணாடியைத் துடைக்கும் கை எங்கே நுழையும் என்பவற்றை முன்கூட்டியே எண்ணி, அவற்றுக்கு வெற்றிடம் விட்டு அடுக்குவதுதான் கல்லடுக்கு.

இக்கட்டுரையிலுள்ள அளவுகள் 3 அடி நீளமும் 1.5 அடி அகலமும் 1.5 அடி உயரமும் கொண்ட தொட்டிக்கானவை. இதைவிடச் சிறிய தொட்டியில் உப்பும் வெப்பமும் விரைவாக ஏறி இறங்குமாதலால், புதியவர்களுக்கு இந்த அளவே ஏற்றது என்பது என் கருத்து. இத்தொட்டியின் கொள்ளளவு சுமார் 190 லிட்டர். நீர், கல், மணல், ஸ்டாண்டு, கீழே வைக்கும் சம்ப் எனப்படும் வடிகட்டித் தொட்டி எல்லாம் சேர்ந்தால் எடை 300 கிலோவைத் தாண்டிவிடும். புதுச்சேரியின் பழைய வீடுகளில், மரச்சட்டங்களின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளத்தில் இந்தச் சுமையை ஏற்றக் கூடாது. கீழ்த்தளத்தில், நேர்வெயில் படாத சுவரோரமே சரியான இடம். ஸ்டாண்டை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, கண்ணாடிக்கு அடியில் தெர்மகோல் தகடு ஒன்றை விரித்த பிறகே தொட்டியை ஏற்ற வேண்டும்.

எவற்றை வைக்கலாம், எவற்றை வைக்கக் கூடாது

கல் வாங்கக் கிளம்புவதற்கு முன் சட்டத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001ஆம் ஆண்டு முதல், பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், தீப்பவளம், குழல்பவளம், கடல்விசிறிகள் ஆகியவையும் இடம்பெற்றுள்ளன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. உயிருள்ளதை மட்டுமல்லாமல், செத்து வெளுத்த பவளக்கூட்டை வைத்திருப்பதும் குற்றம். அதற்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். வெளிநாட்டுக் காணொளிகளில் பவளத்தொட்டியின் முதுகெலும்பாகக் காட்டப்படும் லைவ் ராக் என்பது பெரும்பாலும் பழைய பவளக்கூடுதான். ஆகவே, அங்கே சொல்லப்படும் முறையை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. கடலூர்த் துறைமுகத்திலோ தேங்காய்த்திட்டிலோ வலையில் சிக்கி வந்த கடல்விசிறியை யாராவது இலவசமாகத் தந்தாலும் வாங்கக் கூடாது. கடல்குதிரை, கடலட்டை ஆகியவற்றுக்கும் இதே தடை உண்டு.

இந்தத் தடையின் நியாயத்தை உணர, நம் கடற்கரையின் தெற்கே பார்த்தால் போதும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே, 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் வெட்டியெடுத்தார்கள். அரண் போயிற்று, இரண்டு தீவுகள் கடலுக்குள் அமிழ்ந்தன. எஞ்சிய பவளங்களும் 2016ஆம் ஆண்டின் கடும் வெப்பத்தில் வெளுத்து, அவற்றில் ஒரு பகுதி மடிந்தது. வீட்டுத் தொட்டிக்காக அங்கிருந்து ஒரு துண்டுகூட வரக் கூடாது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

நமக்கு எஞ்சியிருப்பவையும் அழகில் குறைந்தவை அல்ல. கல்லெலும்பு இல்லாத காளான் பவளம், பொத்தான் போன்ற வட்டங்களாகப் படரும் ஸோவான்திட், தோல்பவளம் எனப்படும் லெதர், கைகளை விரித்து மூடும் ஸீனியா ஆகிய மென்பவளங்களே புதியவர்களுக்கு ஏற்றவை. இவை நீரின் சிறு பிழைகளைத் தாங்கும், விரைவாக வளரும், வெட்டி நட்டாலும் பிழைக்கும். கடலில் பிடுங்கியதை விட்டுவிட்டு, ஏற்கெனவே தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டுகளையே கேட்டு வாங்குங்கள். சட்ட அட்டவணைகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், இனப்பெயரை எழுதிய ரசீதைப் பெற்று வைத்துக்கொள்வதும், ஐயம் இருந்தால் வனத்துறையிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வதும் நல்லது.

கல்லைத் தேர்ந்தெடுத்தல்

தொட்டியின் கல்லுக்கு இரண்டு வேலைகள் உண்டு. பவளத்தைத் தாங்குவது கண்ணுக்குத் தெரிகிற வேலை. அழுக்கைச் சுத்திகரிப்பது கண்ணுக்குத் தெரியாத வேலை. கல்லின் மேற்பரப்பில் குடியேறும் பாக்டீரியாக்கள் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. ஆகவே கல் நுண்துளைகள் நிறைந்ததாக இருக்க வேண்டும். கையில் எடுத்தால், அளவைப் பார்த்து நாம் எதிர்பார்ப்பதைவிட எடை குறைவாக இருப்பது நல்ல கல்லின் அடையாளம். கருங்கல் தீங்கற்றதுதான்; ஆனால் அதற்குள் துளைகள் இல்லை, எடையும் அதிகம்.

நம் பகுதியில் எளிதில் கிடைக்கும் சில கற்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலாப்பட்டு, ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேடுகளிலும் கடலூரின் கேப்பர் மலையிலும் கிடைக்கும் சிவந்த மணற்கற்களில் இரும்புச் சத்து மிகுதி. அவை நீரில் உதிரவும் செய்யும். அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். திருவக்கரையின் கல்மரத் துண்டுகள் பாதுகாக்கப்பட்டவை என்பதால் அவற்றைத் தொடவே கூடாது. சுண்ணாம்புக்கல் பயன்படும். ஒரு கல் சுண்ணாம்புக்கல்தானா என்று அறிய, அதன் மேல் சில துளி வினிகரை விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது கால்சியம் கார்பனேட். நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்கள் நுரைக்கும் கல்லைத் தள்ளிவைப்பார்கள். கடல்நீரில் அது குறையாகாது.

கடற்கரை மணலையும் இந்த இடத்திலேயே விலக்கிவிடலாம். புதுச்சேரி, கடலூர்க் கரையோர மணலில் ஆங்காங்கே கறுப்புக் கோடுகளாகத் தெரியும் கனமணலில் காந்தத்தில் ஒட்டும் இரும்புத் தாதுத் துகள்கள் உள்ளன. கண்ணாடியைத் துடைக்கும் காந்தத் துடைப்பானில் அவை ஒட்டிக்கொண்டால், முதல் இழுப்பிலேயே கண்ணாடி கீறிப் போகும். கடைகளில் கிடைக்கும், கால்சியம் கார்பனேட்டாலான அரகோனைட் மணலே தொட்டிக்கு உகந்தது.

எளிய வழி, கடல்நீர்த் தொட்டிக்கென்றே பீங்கானிலோ சுண்ணச் சிமெண்டிலோ செய்து விற்கப்படும் செயற்கைக் கல்லை வாங்குவதுதான். சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் இவற்றைத் தேடலாம். இந்தத் தொட்டிக்கு 10 முதல் 13 கிலோ வரை போதும். பழைய நூல்களில் இதைப் போல இரு மடங்கு சொல்லியிருப்பார்கள். ஸ்கிம்மர் (நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி), சம்ப் முதலியவை இருக்கும் இன்றைய தொட்டிக்கு அவ்வளவு கல் தேவையில்லை. மேலும், கல் கூடக் கூட, இக்கட்டுரை வலியுறுத்தும் வெற்றிடம் குறைந்துகொண்டே போகும். வாங்கும்போது மூன்று பெரிய துண்டுகள், ஐந்தாறு நடுத்தரத் துண்டுகள், கைப்பிடியளவு சில்லுகள் என்று கலந்து வாங்குங்கள். ஒரே அளவுள்ள உருண்டைக் கற்களை எப்படி அடுக்கினாலும் அவை குவியலாகத்தான் தெரியும்.

வீட்டிலேயே கல் செய்ய விரும்பினால்

பொறுமை உள்ளவர்கள் கல்லைத் தாங்களே வார்க்கலாம். வடிவம் முழுவதும் நம் கையில் இருக்கும் என்பது இதன் பெரும் பயன். வேறு பொருள் எதுவும் கலவாத வெண்சிமெண்டு ஒரு பங்கு, கிளிஞ்சல் குருணை இரண்டு பங்கு, கல்லுப்பு இரண்டு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். சுவருக்குப் பூசும் பட்டியில் வேதிப்பசைகள் கலந்திருப்பதால் அதைப் பயன்படுத்தக் கூடாது. கிளிஞ்சல் குருணை கோழித்தீவனக் கடைகளில் மூட்டையாகக் கிடைக்கும். கல்லுப்புக்கு மரக்காணத்து உப்பளத்துப் பருவுப்பே சிறந்தது. அது கல்லுக்குள் இருந்து பிறகு கரைந்து வெளியேறி, தன் இடத்தைத் துளையாக விட்டுச் செல்லும். இந்த உப்பு துளைக்காக மட்டுமே. இதைக் கரைத்துத் தொட்டிக்கான கடல்நீர் தயாரிக்கக் கூடாது, ஏனெனில் பவளத்துக்கு வேண்டிய கால்சியம், மக்னீசியம் போன்றவை இதில் உரிய அளவில் இல்லை.

முதலில் சிமெண்டையும் குருணையையும் உலர்வாகக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக நீர் தெளித்து, கொழுக்கட்டை மாவின் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பைக் கடைசியில் சேர்த்தால்தான் அது கரையாமல் நிற்கும். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஈரமணலைப் பரப்பிக் குழி தோண்டி, அதில் கலவையை அழுத்தாமல் உதிர்த்துப் போட வேண்டும். அழுத்தினால் துளைகள் அடைபட்டுவிடும். குகை வேண்டிய இடத்தில் ஈரமணலை உருட்டி வைத்து, அதன் மேல் கலவையை வளைத்துப் போடலாம். பலகை போன்ற தட்டையான துண்டுகளையும் சில வளைவுகளையும் செய்துகொண்டால் பிறகு அடுக்குவது எளிதாகும். ஈரச்சாக்கால் மூடி இரண்டு நாள் விட்டு, பிறகு மெதுவாக எடுத்து, மேலும் ஒரு வாரம் ஈரமாகவே வைத்திருங்கள்.

அடுத்த கட்டத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். புதுச் சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு நீரின் பிஹெச் அளவை 12 வரை உயர்த்தும். அந்த நீரில் எந்த உயிரும் தங்காது. கற்களை நன்னீரில் மூழ்கவைத்து, இரண்டு மூன்று நாளைக்கொரு முறை நீரை மாற்றி, ஆறு முதல் எட்டு வாரம் ஊறவிட வேண்டும். முடிவில், புதுநீரில் மூன்று நாள் மாற்றாமல் வைத்து, பிஹெச் சோதித்துப் பாருங்கள். 8.5க்கு மேல் காட்டினால் ஊறவைப்பதைத் தொடருங்கள்.

பிறர் பயன்படுத்திய கல் கைக்கு வந்தால் ஒரு கடும் எச்சரிக்கை உண்டு. கிருமி போகட்டும் என்று அதை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள். ஸோவான்திட், பலிதோவா இனங்களில் பலிடாக்ஸின் என்னும் மிகக் கொடிய நஞ்சு இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு துண்டிலிருந்து அது நீராவியோடு கலந்து வந்தாலும், அதை முகர்ந்த குடும்பமே மருத்துவமனைக்குப் போக நேரிடும். வெளிநாடுகளில் இப்படி நடந்திருக்கிறது. கையுறை அணிந்து கல்லைத் தனி வாளியில் வைத்து, திறந்தவெளியில் நீர்த்த பிளீச்சில் ஊறவிட்டு, மிச்சமிருப்பதைப் பிறகு நீருக்கடியிலேயே தேய்த்தெடுத்து, பலமுறை அலசி, பிளீச் வாடை முற்றிலும் போகும்வரை வெயிலில் காயவைப்பதே பாதுகாப்பான முறை.

தாளின் மேல் ஒரு ஒத்திகை

தொட்டிக்குள் கல்லை வைப்பதற்கு முன் வெளியே அடுக்கிப் பாருங்கள். தரையில் செய்தித்தாளை விரித்து, 36க்கு 18 அங்குலம் என்று தொட்டியின் அடிப்பரப்பை வரையுங்கள். முன்புறமும் இரு பக்கமும் 4 அங்குலம், பின்புறம் 3 அங்குலம் உள்ளே தள்ளி இன்னொரு கோடு போடுங்கள். இந்த உள்கோட்டைக் கல் தாண்டக் கூடாது. பின்கண்ணாடியில் கல்லைச் சாய்த்துச் சுவர்போல் கட்டுவது பழைய வழக்கம். அப்படிக் கட்டினால் அதன் முதுகில் நீரோட்டம் செத்து, அழுக்கு சேர்ந்து, நைட்ரேட் ஏறிக்கொண்டே இருக்கும். நாலு பக்கமும் நீர் சுற்றிவர இடமிருப்பது அவசியம்.

உயரத்துக்கும் ஒரு வரம்பு வேண்டும். நீரின் ஆழம் 16 அங்குலமாக இருக்கும்போது கல்லின் உச்சி 10 அங்குலத்தோடு நிற்கட்டும். அதன் மேல் நடப்போகும் லெதர் பவளம் ஓராண்டில் 5 அங்குலம் உயர்ந்துவிடலாம். அப்போது அது நீர்மட்டத்தை முட்டி விளக்கை நெருங்கக் கூடாது. வெற்றுக் கல்லாக இருக்கும்போது இந்த உயரம் குறைவாகவே தோன்றும். இன்னும் ஒரு கல் வைத்தால் நன்றாயிருக்குமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அந்த இடத்தைப் பவளம் நிரப்பட்டும் என்று விட்டுவிடுங்கள்.

வடிவத்தைப் பொறுத்தவரை, புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டு திட்டுகள். மொத்தக் கல்லில் மூன்றில் இரண்டு பங்கைக் கொண்ட பெரிய திட்டு ஒரு பக்கமாகவும், மீதியைக் கொண்ட சிறிய திட்டு மறுபக்கமாகவும், இடையே 5, 6 அங்குல மணல்வெளியும் இருக்க வேண்டும். உச்சி நடுவில் வராமல் ஒதுங்கி நின்றால் பார்வைக்கு இயல்பாக இருக்கும். இந்தப் பிரிப்புக்கு அழகைவிட முக்கியமான ஒரு காரணமும் உண்டு. ஸீனியா போன்றவை பற்றிய கல் முழுவதும் பரவி அயல் பவளங்களை மூடிவிடும் இயல்புடையவை. மணல்வெளியைத் தாண்டுவது அவற்றுக்குக் கடினமாதலால், சிறிய திட்டை அவற்றுக்கே கொடுத்துவிட்டால் பெரிய திட்டு தப்பிக்கும்.

கல்லின் முகங்கள் படிப்படியாக, சற்றே முன்சாய்வாக அமைந்தால் மேலே விழும் அழுக்கு தங்காமல் கீழே இறங்கும். குகைகளுக்கு இரண்டு வாய் வையுங்கள். ஒரே வாய் உள்ள குகையில் நீர் தேங்குவதோடு, துரத்தப்படும் மீனுக்குத் தப்பிக்க வழியும் இராது. அடுக்கி முடித்தபின் முன்பக்கம் மட்டுமல்லாமல் இரு பக்கங்களிலிருந்தும் பாருங்கள்; எல்லா இடுக்கிலும் நான்கு விரல்கள் நுழைகின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். நிறைவு ஏற்படும்வரை கலைத்துக் கலைத்து அடுக்குங்கள். ஒரு வாரம் ஆனாலும் தவறில்லை. பிடித்த அமைப்பை எல்லாக் கோணங்களிலும் கைப்பேசியில் படமெடுத்து, கற்களுக்குச் சாக்பீஸால் எண்ணிட்டு வைத்துக்கொண்டால் மறுபடி அடுக்கும்போது உதவும்.

பிணைத்தலும் உள்ளே வைத்தலும்

ஒவ்வொரு கல்லும் கீழே உள்ளதை மூன்று புள்ளிகளில் தொட்டு நின்றால் ஆடாது. அப்படி இயல்பாக நிற்காத கற்களைப் பிணைக்க வேண்டும். வளைவுகளுக்கும் நீண்டு நிற்கும் பலகைகளுக்கும், கல்லைத் துளைக்கும் பிட்டால் துளையிட்டு அக்ரிலிக் கம்பியைச் செருகலாம். இரும்பு ஆணி, கட்டுக்கம்பி, செம்புக்கம்பி ஆகியவை கூடவே கூடாது. செம்பு மிகச் சிறிய அளவிலும் பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும், நாகம் பூசிய கம்பியும் நஞ்சே. ஒட்டுவதற்கு, இரு பாகங்களைப் பிசைந்து ஒட்டும் மீன்தொட்டிக்கான எபாக்சியை நடுவில் வைத்து, அதன் இரு முகங்களிலும் சூப்பர் குளூ ஜெல்லைத் தடவி அழுத்துவது நல்ல முறை. எபாக்சி இடைவெளியை நிரப்பும், ஜெல் பிடித்துக்கொள்ளும். நீர்போல் ஓடும் சாதாரணச் சூப்பர் குளூ கல்லுக்குள் ஊறிப் பயனின்றிப் போகும். ஒட்டிய துண்டுகளை ஒரு நாள் முழுக்க அசைக்காதீர்கள். தொட்டிக்குள் தூக்கி வைக்கும் வசதிக்காகப் பெரிய திட்டை இரண்டு மூன்று பாகங்களாகவே விட்டுவிடலாம்.

கல் மணலின் மேல் நிற்கக் கூடாது. மணலைத் தோண்டும் கோபி மீனும் துப்பாக்கி இறாலும் அடியைக் குடைந்தால், ஒரு நாள் நள்ளிரவில் திட்டு சரிந்து கண்ணாடியை உடைக்கும். கூரை விளக்குகளுக்கு அடியில் பொருத்தும் வெள்ளைப் பிளாஸ்டிக் சதுரவலையைத் திட்டின் அடியளவுக்கு வெட்டி, அடிக்கண்ணாடியின் மேல் வைத்து, அதன் மேல் கல்லை இறக்குங்கள். திட்டு முழுவதும் அமைந்தபின் உச்சியில் கைவைத்து எல்லாத் திசைகளிலும் தள்ளிப் பாருங்கள். சிறிதளவு அசைந்தாலும் பிரித்து மறுபடி அடுக்குங்கள். அதன் பிறகு, அலசிய மணலைத் திட்டுகளைச் சுற்றி ஓர் அங்குலத்துக்குப் பரப்பலாம்.

நீரும் காத்திருப்பும்

கடலோர வீடுகளின் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பும் கடினத்தன்மையும் கூடியது, அது உதவாது. கடல்நீரையே மொண்டுவரலாமே என்று தோன்றும். ஆனால் ஆற்றுமுகங்களும் மீன்பிடித் துறைமுகங்களும் நெருங்கியுள்ள இந்தக் கரையில், மழைக்காலத்தில் உப்பு சரிவதும் எண்ணெயும் கழிவும் கலப்பதும் வழக்கம். டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள பொருள்களின் அளவு) பூச்சியத்துக்கு இறங்கும்வரை வடிகட்டிய ஆர்ஓ டிஐ நீரில் செயற்கைக் கடலுப்பைக் கரைத்து, ஒரு நாள் பம்பால் சுழலவிட்டு, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.026 காட்டியபின் நிரப்புங்கள்.

வேவ்மேக்கர் எனப்படும் நீரோட்டப் பம்புகளை இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் எதிரெதிராக, சற்று வெவ்வேறு உயரத்தில் பொருத்தினால் ஓட்டங்கள் மோதிச் சிதறும். மென்பவளத்துக்கு நேராக அடிக்கும் ஓட்டம் ஆகாது. சிதறிய, மாறி மாறி வரும் ஓட்டமே ஏற்றது. ஒரு சிட்டிகை மீனுணவைத் தூவி, அது எங்கே போய்ப் படிகிறது என்று பாருங்கள். ஒரே இடத்தில் குவிந்தால் அங்கே ஓட்டம் இல்லை என்று பொருள். வேவ்மேக்கரின் கோணத்தை மாற்றியும் சரியாகாவிட்டால் கல்லைத் திருத்துங்கள். உயிர் எதுவும் இல்லாத இந்த நிலையில்தான் திருத்தம் எளிது.

பாக்டீரியா பெருகி அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதன்பின் கல்லில் பழுப்புப் படிவமும் பச்சைப் பாசியும் அடுத்தடுத்து வரும். வெறுங்கல்லில் தொடங்கும் எல்லாத் தொட்டிகளும் கடக்கும் கட்டம் இது. விளக்கை நாளுக்கு ஆறு மணி நேரத்தோடு நிறுத்தி, சில சிறு நத்தைகளை விட்டு, பல்துலக்கியால் தேய்த்து வந்தால் சில வாரங்களில் அடங்கும். இரண்டு கிளவுன் மீன்களை இப்போது விடலாம். தொட்டியில் குஞ்சு பொரித்து வளர்த்த மீன்களைக் கேட்டு வாங்குங்கள். கிளவுன் மீன்களை அடைப்பில் இனப்பெருக்கம் செய்யும் முறைகளை மண்டபத்திலும், நம் கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையிலும் ஆய்வாளர்கள் உருவாக்கியிருப்பதால், கடலில் பிடித்த மீனை நாட வேண்டிய தேவை இல்லை.

பவளங்களை அமர்த்துதல்

முதல் பவளத்தை மூன்றாம் மாதத்தில் வைப்பது போதுமான விரைவு. கொளத்தூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பேருந்தில் கொண்டுவரும்போது தெர்மகோல் பெட்டியில் வைத்தால் வெப்பம் ஏறாது. வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, பவளத்துக்கான மருந்துநீரில் குறிப்பிட்ட நிமிடங்கள் முக்கி, ஒட்டியிருக்கும் பூச்சிகளை உதிர்த்த பிறகே உள்ளே விடுங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஸோவான்திட்டைக் கையாளும் எல்லா நேரத்திலும் கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று அந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

இடம் பிரிப்பதில் ஒளியும் ஓட்டமும் வழிகாட்டும். காளான் பவளத்துக்கு அடித்தட்டின் மங்கலான, அமைதியான நீர் போதும்; மேலே வைத்தால் சுருங்கிவிடும். ஸோவான்திட் நடுத்தட்டிலும், லெதர் மேல்தட்டில் ஓட்டம் நன்றாக உள்ள பக்கத்திலும் செழிக்கும். எதுவானாலும் முதல் இரண்டு வாரம் மணலருகே வைத்து, பிறகு படிப்படியாக மேலே ஏற்றுங்கள். கடையின் விளக்கும் உங்கள் விளக்கும் ஒன்றல்ல. திடீரென்று கூடும் ஒளியில் பவளம் தன்னுள் வாழும் பாசியை உமிழ்ந்து வெளுத்துவிடும்.

இடைவெளி பற்றி எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். உள்ளங்கையளவு லெதருக்கு நாலு பக்கமும் 6 அங்குலம் விடுங்கள். லெதர் இனங்கள் அயலாரின் வளர்ச்சியைத் தடுக்கும் வேதிப்பொருள்களை நீரில் விடுகின்றன என்பதால், ஒரே தொட்டியில் பல வகை லெதர்களைச் சேர்க்காமல், சம்பில் ஆக்டிவேட்டட் கார்பன் பையை வைத்து மாதந்தோறும் மாற்றுவது நல்லது. முதல் ஆண்டில் மொத்தம் எட்டுப் பத்துத் துண்டுகளுக்கு மேல் வேண்டாம்.

ஒட்டும் முறை எளிது. துண்டு ஒட்டியிருக்கும் சிறு கல்லின் அடியைத் துடைத்து, சூப்பர் குளூ ஜெல்லைத் தாராளமாக வைத்து, நீருக்குள் கொண்டுபோய், உரிய இடத்தில் அழுத்தி, இடவலமாகச் சற்றுத் திருகிப் பிடியுங்கள். நீரில் ஜெல்லின் மேல் தோல்போல் படியும் படலம் அந்தத் திருகலில் கிழிந்து, உள்ளே இருப்பது கல்லைப் பற்றும். காளான் பவளம் வழுவழுப்பாதலால் பசை பிடிக்காது. அதைக் கல்சில்லுகளோடு சிறு கிண்ணத்தில் இட்டு, மேலே கொசுவலையைக் கட்டி, ஓட்டமில்லாத மூலையில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு சில்லைத் தானே பற்றிக்கொள்ளும். பிறகு அந்தச் சில்லை ஒட்டலாம். புதிதாக வந்த லெதர் சில நாள்கள் மூடிக்கிடந்து, மெழுகுபோன்ற தோலை உரிக்கும். செத்துவிட்டது என்று எடுத்து எறியாமல், ஓட்டத்தைச் சற்றுக் கூட்டினால் போதும்.

கடற்சாமந்திக்கு (அனிமோன்) இடம் பிடித்து வைக்க முடியாது. அது தானே நடந்து, வழியிலுள்ள பவளத்தைக் கொட்டும், வேவ்மேக்கரிலும் சிக்கும். முதல் ஆண்டில் அது வேண்டாம்.

கத்திரி வெயிலும் புயற்காலமும்

தொட்டியின் வெப்பம் 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். 30ஐத் தாண்டிச் சில நாள்கள் நீடித்தால் மென்பவளமும் வெளுக்கும். உள்நாட்டு ஊர்களில் நீர்மட்டத்தின் மேல் மின்விசிறியை வைத்தே இரண்டு மூன்று டிகிரி குறைப்பார்கள். நம் கடலோரக் காற்றின் ஈரப்பதத்தில் நீர் அந்த அளவு ஆவியாகாததால் இந்த வழி பாதிப் பலனே தரும். மே மாதத்துக்குக் குளிரூட்டிய அறையோ, நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியோ தேவை என்பதைத் தொடக்கச் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆவியான அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ நீரையே நாள்தோறும் ஊற்ற வேண்டும், ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை.

வடகிழக்குப் பருவமழையில் மின்சாரம் போவதுதான் பெரிய அபாயம். 2011 டிசம்பர் 30இல் தானே புயலும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சலும் இந்தக் கரையைத் தாக்கியதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தானேக்குப் பிறகு பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் இருந்தன. அப்போது முதலில் தீர்வது ஆக்சிஜன். நெருக்கமாகக் குவித்த கல்லின் நடுவில் அழுக்கு அழுகத் தொடங்கி, அந்த நீர் தொட்டி முழுவதையும் கெடுக்கும். திறந்த அடுக்கில் ஒரு சிறு காற்றுப்பம்பு எழுப்பும் மெல்லிய சுழற்சிகூட எல்லா மூலைக்கும் போய்ச்சேரும். பேட்டரியில் ஓடும் காற்றுப்பம்பை அக்டோபர் மாதத்திலேயே வாங்கி வையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் ஒரு வேவ்மேக்கரை மட்டும் அதில் இணைத்து, விளக்கையும் சில்லரையும் விலக்கிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் ஒளியின்மையைப் பவளம் தாங்கும். மீனுக்கும் அந்நாள்களில் உணவிடத் தேவையில்லை.

வெட்டித் திருத்துதல்

ஓராண்டு கழியும்போது, நீங்கள் விட்ட வெற்றிடத்தில் பாதியைப் பவளங்கள் பிடித்திருக்கும். லெதரின் குடை அயல் ஸோவான்திட்டின் மேல் நிழலிடத் தொடங்கினால் வெட்டும் காலம் வந்துவிட்டது. கூரிய கத்தியால் குடையின் விளிம்பைச் சுற்றி ஓரிரு அங்குலம் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். தண்டு இருக்கும்வரை மூலம் ஆறி மறுபடி விரியும். வெட்டிய துண்டுகளைத் தொட்டி நீரில் அலசி, பிளாஸ்டிக் ஊசியாலோ தளர்வாகச் சுற்றிய ரப்பர் வளையத்தாலோ சில்லுக்கல்லோடு பிணைத்து, மிதமான ஓட்டத்தில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் பற்றிக்கொள்ளும். மணல்வெளியைத் தாண்ட முயலும் ஸீனியாவை, அது பிடித்த சில்லோடு சேர்த்தே பெயர்த்தெடுங்கள். வெட்டு நடந்த நாளில் பழைய கார்பனை மாற்றிப் புதியதை வையுங்கள். மறுநாள் நீரில் ஐந்தில் ஒரு பங்கையும் மாற்றிவிடுங்கள்.